இரவல் வண்டியும் இருபது நிமிடப் பாடமும்

இரவற் பொருளைப் பற்றி எம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழிகளுக்குக் குறைவில்லை. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளையும் இல்லை. புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினாலும் அதற்கு அட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பிலே மாணவர்களுக்கு ஓதி வருபவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே, சென்ற ஆடி மாதத்தில், நெடும்பயணத்துக்கென்று செய்யப்பட்ட பெரிய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கேதீச்சரம் வரை ஓட்டிச் சென்றோம். போன கதையையும், போன இடத்தில் அன்றி வழியிலே கற்ற பாடத்தையும் இங்கு எழுதத் துணிகின்றோம். இதிலே எமக்குப் பெருமை தரும் பகுதி மிகக் குறைவு என்பதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுதல் நன்று.

வீட்டிலே எமக்குச் சொந்தமாக நூறு சீசீ வண்டி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக எம்மைக் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் சுமந்து திரியும் உத்தம வாகனம் அது. அதன் ஓசையைக் கேட்டே எங்கள் வீட்டு நாய் படலைக்கு ஓடி வரும். அந்த வண்டியை ஓட்டும்போது எம் கையும் காலும் என்ன செய்கின்றன என்று நாம் நினைத்துப் பார்ப்பதேயில்லை. நாளைய பாடத்தை நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடுவோம். இதைத்தான் நாம் இத்தனை காலமும் திறமை என்று எண்ணியிருந்தோம்.

ஆசை பிறந்த விதம்

எம்மிடம் பௌதிகம் கற்ற மாணவர் ஒருவர் இன்று கொழும்பிலே பொறியியலாளராக இருக்கின்றார். நெடுந்தூரம் மோட்டார்ச் சைக்கிளிலே சுற்றித் திரிவதில் அவருக்குத் தணியாத விருப்பம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, றோயல் என்பீல்ட் நிறுவனத்தார் 2016-ம் ஆண்டில் வெளியிட்ட 'ஹிமாலயன்' என்ற வண்டியிலே எங்கள் வீட்டுக்கு வந்தார். இமயமலையின் பெயரைத் தாங்கிய அந்த வண்டி முற்றத்திலே நின்றபோது, எங்கள் வண்டி அதன் அருகே ஆட்டுக்குட்டி போலத் தோன்றியது.

411 சீசீ எஞ்சின். ஏறத்தாழ 200 கிலோகிராம் நிறை. 21 அங்குல முன்சில்லு. 15 லீற்றர் கொள்ளும் பெற்றோல் தாங்கி. 2022-ம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தின்போது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தை மறவாதவர்களுக்கு, 15 லீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு மாதத்துப் பங்கு என்பது உடனே விளங்கும். 

இந்த வண்டிக் குலத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் என்னும் ஊரிலே பிறந்த நிறுவனம் அது. 1955-ம் ஆண்டில் சென்னையிலே 'என்பீல்ட் இந்தியா' தொடங்கப்பட்டது. திருவொற்றியூரிலே தொழிற்சாலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்திலே தாய் நிறுவனம் மறைந்து போகவும், பட்டினத்தார் சமாதி கொண்ட அந்தக் கடற்கரை ஊரிலே பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் ஓடும் ஹிமாலயன் வண்டிகளுக்குச் சென்னையை அடுத்த பகுதியே பிறந்தகம்.

திருக்கேதீச்சரத்துக்குப் போக எண்ணியிருக்கின்றோம் என்று பேச்சுவாக்கிலே சொன்னோம். "பஸ்ஸிலை ஏன் சேர்? என்ரை வண்டியை எடுத்துக்கொண்டு போங்கோவன்" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், காலைக் கூட்டத்திலே மேடையேறி "மோட்டார்ச் சைக்கிள் மோகம் ஆகாது" என்று பேசி வந்த எம் உள்ளத்திலே, அந்த மோகம் ஒரு மூலையிலே ஒளிந்து கிடந்தது போலும். "பார்க்கலாம் தம்பி" என்றோம். அந்தப் 'பார்க்கலாம்' என்பதன் பொருள் எமது மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும்

அவர் ஒரு நிபந்தனை போட்டார். "திறப்பைத் தாறன் சேர். ஆனா அதுக்கு முந்தி ஒரு மணித்தியாலம் என்னோடை நிண்டு பழக வேணும். முதற் பயணத்திலை பின்னுக்கு ஒருத்தரையும் ஏத்தவும் கூடாது." ஆகவே, மனைவியும் உயர்தரம் படிக்கும் மகனும் பஸ்ஸிலே வருவதென்றும், நாம் மட்டும் வண்டியிலே செல்வதென்றும் முடிவாயிற்று.

அடுத்த நாள் மாலை கல்லூரிக்கு அருகிலுள்ள வெறும் வளவிலே பாடம் தொடங்கியது. முதலில் எமது சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். நூறு சீசீக்கு மேற்படாத வண்டிகளுக்கு ஏ1 என்று ஒரு வகுப்பும், மேற்பட்டவற்றுக்கு ஏ என்று இன்னொரு வகுப்பும் எங்கள் நாட்டுச் சட்டத்திலே உண்டு. எமது பத்திரத்தில் ஏ இருந்தது. அதைக் கண்டு எமக்கு உண்டான நிம்மதியில் ஒரு பகுதி அவர் முகத்தில் இல்லை. பத்திரம் வேறு, பழக்கம் வேறு என்பதை அவர் அறிவார்.

வண்டியை இயக்கிக் கியர் போட்டோம், எஞ்சின் நின்றது. மீண்டும் இயக்கினோம், மீண்டும் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. "சேர், ஸ்ராண்ட்!" என்றார். பக்கத்து ஸ்ராண்டை மடக்காமற் கியர் போட்டால் எஞ்சின் தானாகவே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். மறதிக்காரருக்கு வண்டியே சொல்லித் தரும் முதற் பாடம் அது.

பின்னர் கியரைக் காட்டினார். எங்கள் பழைய வண்டியிலே காலின் முன்பகுதியால் மிதிக்க மிதிக்கக் கியர் மேலேறும். இந்த வண்டியிலோ முதலாவது கியருக்கு மட்டுமே கீழே மிதிக்க வேண்டும். மற்ற நான்கு கியருக்கும் பாதத்தின் மேற்புறத்தாலே நெம்பை மேலே தூக்க வேண்டும். ஓடும்போது பழைய வழக்கப்படி மிதித்தால், கியர் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடும். "இதுதான் சேர் முக்கியம். மூளைக்கு விளங்கினாற் போதாது, காலுக்கு விளங்க வேணும்" என்றார்.

இரண்டாவது, பிறேக். வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. ஆகவே முன்சில்லுத்தான் நிலத்தை இறுகப் பற்றுகின்றது. நிறுத்தும் வேலையிற் பெரும் பங்கு முன்பிறேக்கினுடையது. ஆனால், மணலிலே, அதுவும் சில்லு திரும்பியிருக்கும்போது, அதே முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி சறுக்கும். மூன்றாவது, திருப்பம். வேகமாகச் செல்லும் கனத்த வண்டியை இடப்புறம் திருப்ப வேண்டுமானால், இடக் கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ள வேண்டும். சில்லு ஒரு கணம் வலப்புறம் விலக, வண்டி இடப்புறம் சாய்ந்து திரும்பும். ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள் அல்லவா? மூத்தவரான வில்பர் ரைட் இந்த உண்மையைச் சைக்கிளிலேயே கவனித்துச் சொல்லியிருக்கின்றார். 

இருபது நிமிடம் சென்றது. வளவின் வேலிக்கு அப்பால் எமது இன்றைய மாணவர் நால்வர் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினர். ஆசிரியர் மாணவராகி, தம் மாணவரிடம் "காலைத் தூக்குங்கோ சேர்" என்று சொல் வாங்கும் காட்சியை அவர்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள் என்பது எமக்குத் தெரிந்தது. "போதும் தம்பி, விளங்கிவிட்டது" என்றோம். அவர் ஒரு கணம் தயங்கினார். ஆசிரியரை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. திறப்பு எம் கைக்கு வந்தது.

கால் மாறிய கதை

ஒரே வேலைக்கு இத்தனை வேறுபாடு ஏன் என்று இளைஞர்கள் கேட்கலாம். முன்னாளிலே மோட்டார்ச் சைக்கிள் செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படியே பிறேக்கையும் கியரையும் வைத்தனர். பீ.எஸ்.ஏ., ட்ரயம்ப், றோயல் என்பீல்ட் முதலிய ஆங்கில வண்டிகளில் கியர் வலக்காலிலும், பிறேக் இடக்காலிலும் இருந்தன. யப்பானிய வண்டிகளில் இது நேர்மாறு. 1970-களின் நடுப்பகுதியில் அமெரிக்க அரசாங்கம், தன் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கெல்லாம் கியர் இடக்காலிலும் பிறேக் வலக்காலிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சந்தையை இழக்க விரும்பாத உலகமும் அதன் வழியிற் சென்றது. சென்னையிலே செய்த புல்லட் வண்டிகள் மட்டும் பல்லாண்டுகள் பழைய வழியையே பற்றி நின்றன.

எங்கள் ஊரிலே, ஆங்கில வண்டி ஒன்றை அரைவாழ்வு ஓட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். யப்பானிய வண்டி ஒன்றை மருமகனிடம் இரவல் வாங்கிச் சந்தைக்குப் புறப்பட்டார். ஒழுங்கை முடிவிலே பிறேக் என்று நினைத்து இடக்காலால் அழுத்தினார். அங்கே இருந்தது கியர். வண்டி கிளுவை வேலியை ஊடறுத்துக்கொண்டு அயலவர் வீட்டுக் கிணற்றடியிலே போய் நின்றது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர். அன்று சிரித்தபோது, அது எம்முடைய கதையாக மாறும் என்று எண்ணவில்லை.

சோளகமும் சுகமும்

ஞாயிறு அதிகாலையிலே புறப்பட்டோம். பட்டணத்திலே மெதுவாகவே சென்றோம். நாவற்குழிப் பாலம் கடந்து, கண்டி வீதியை விட்டு வலப்புறம் திரும்பி, மன்னார் வீதியிலே இறங்கினோம். தனங்கிளப்பை அடுத்துக் கடனீரேரி இருபுறமும் விரிந்தது. சூரியன் எழுந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு கியருக்கும் மனத்துக்குள்ளே "தூக்கு, தூக்கு" என்று சொல்லிக்கொண்டோம், காலும் கீழ்ப்படிந்தது.

சங்குப்பிட்டிப் பாலத்திலே சோளகக் காற்று எம்மைச் சந்தித்தது. முன்னர் இந்த நீரைப் 'பாதை' என்று வழங்கும் மிதவையில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. போர்க் காலத்திலே அதுவும் நின்றது. 288 மீற்றர் நீளமான இன்றைய பாலம் 2011-ம் ஆண்டு தை மாதத்தில் திறக்கப்பட்டது. பாலத்தின் மேலே மறைப்பு எதுவும் இல்லை. வலப்புறமிருந்து சாய்ந்து வீசிய காற்று எம்மை இடப்புறம் தள்ளிற்று. எமது சிறிய வண்டியாயின் இறங்கி உருட்டியிருப்போம். இந்தக் கனத்த வண்டியோ சற்றே காற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டு, ஒன்றும் நடவாதது போலச் சென்றது. அப்பொழுதுதான் எம் மனத்திலே முதன்முதலாக ஓர் இறுமாப்பு எழுந்தது.

பூநகரியைக் கடந்தபின் வீதி நேராக, வெறுமையாக, வழவழப்பாகக் கிடந்தது. கைப்பிடியைச் சற்றே முறுக்கினோம். வண்டி மறுப்பின்றி முன்னே பாய்ந்தது. முட்செடிகளும் பனைகளும் பின்னே ஓடின. மார்பிலே காற்று, காதிலே எஞ்சினின் ஆழ்ந்த துடிப்பு, கால்களுக்கிடையே அடங்கிய ஒரு பெரும் பலம். சட்டம் விதித்த எல்லையை முள் தாண்டிவிட்டதைக் கண்டோம். கண்ட பின்னும் கையைத் தளர்த்தவில்லை. உண்மையை மறைப்பதிற் பயனில்லை: அது பேரின்பமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக மாணவர்களை "ஏன் இப்படிப் பறக்கிறீர்கள்?" என்று கண்டித்து வந்தோம். அவர்கள் பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றதன் காரணம் அன்று விளங்கியது. அவர்களுக்குத் தெரிந்த ஒன்று எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே கண்டித்தமையால் எம் சொல் அவர்கள் காதிலே ஏறவுமில்லை.

"தூக்கு, தூக்கு" என்று சொல்வதை எப்பொழுது நிறுத்தினோம் என்பது நினைவில் இல்லை. வண்டி எமக்குப் பழகிவிட்டது என்று நினைத்த கணத்திலே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு மிதி

வழியிலே மாடுகள் கடந்தமையால் வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியரிலே சென்றுகொண்டிருந்தோம். முன்னே ஒரு முதியவர் சைக்கிளின் பின்னே விறகுக் கட்டை வைத்து மெல்ல மிதித்துக்கொண்டு போனார். எதிரே ஒரு லொறி வந்தது; ஆயினும் தொலைவிலே வந்தது. முதியவரை முந்திவிடலாம் என்று கணக்கிட்டோம். கணக்குச் சரியே. நான்காவது கியருக்கு மாற்றி விரைந்தால் போதும்.

இருபது ஆண்டுப் பழக்கம் காலிலே விழித்துக்கொண்டது. மிதித்தோம்.

வண்டி முன்னே பாய்வதற்குப் பதிலாக, யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல நின்று உதறியது. எஞ்சின் அலறியது. பின்சில்லு வீதியிலே கிரீச்சிட்டு ஒரு பக்கம் விலகியது. கியர் நான்குக்கு ஏறவில்லை, இரண்டுக்கு இறங்கியிருந்தது. லொறியின் ஓசை வானத்தை நிறைத்தது. இடப்புறம் ஒடித்தோம். சைக்கிளின் விறகுக் கட்டு எம் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்திலே சென்றது; அதற்குப் பின்னாலே சறுக்கிக்கொண்டு வீதியோரத்து மணலிலே இறங்கினோம். அங்கே இன்னொரு தவறு. சில்லு திரும்பியிருக்கையிலேயே முன்பிறேக்கை இறுகப் பிடித்தோம். வண்டி மெதுவாக, மிக மெதுவாக, களைத்த எருமை படுப்பது போல இடப்புறம் படுத்தது. நாமும் அதனுடன் படுத்தோம்.

லொறி போய்விட்டது. எங்கும் அமைதி. முழங்கையிலே சிராய்ப்பு, வேறு காயமில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு முதியவர் திரும்பி வந்தார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டோம். எம்முடைய கைகளும் அவ்வாறே நடுங்கின.

"தம்பி, புது வண்டியோ?" என்றார்.

"இல்லை ஐயா, இரவல்."

"அப்ப இன்னும் கவனமாயெல்லோ ஓட வேணும்" என்றார். அதற்கு மேல் ஒரு கடுஞ்சொல்லும் அவர் வாயில் வரவில்லை. வண்டியை நிமிர்த்த உதவினார். 200 கிலோகிராமைக் கையாலே தூக்க முயன்று தோற்றோம். பின்னர் வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையிலே இடுப்பைச் சாய்த்து, ஒரு கை கைப்பிடியிலும் மறுகை பின்சட்டத்திலுமாகப் பிடித்துக் கால்களாலே பின்னோக்கித் தள்ளினோம். முதியவர் மறுபக்கம் நின்று தாங்கிக்கொண்டார். வண்டி எழுந்தது. இடப்புறத்துக் கண்ணாடி வெடித்திருந்தது.

முதியவர் விறகுக் கட்டைச் சரிசெய்து மீண்டும் சைக்கிளில் ஏறிச் சென்றார். அவர் கண்ணுக்கு மறையும் வரை நின்றோம். எமக்கு நேர்ந்திருக்கக் கூடியதைப் பற்றிய நினைவு அப்பொழுது வரவில்லை. எமது கால் செய்த ஒரு பிழைக்காக, அந்த வண்டியைக் கண்டேயிராத ஒரு வீட்டிலே அன்று மாலை என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே நினைவாயிற்று.

எண்கள் சொல்லும் உண்மை

இது எம் ஒருவரின் அசட்டுத்தனம் மட்டுமா என்று பின்னர் தேடிப் படித்தோம். 1981-ம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலே 900 மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்து, 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் படித்து எழுதியது அது. விபத்துக்குள்ளானவர்கள் சராசரி ஏறக்குறைய மூன்று ஆண்டு வீதியில் ஓட்டிப் பழகியவர்கள். ஆயினும், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் விபத்து நிகழ்ந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தனர். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பகுதியிலே செய்து 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றும், ஓட்டும் வண்டியோடு கொண்ட பழக்கமே ஒருவரைக் காக்கின்றது என்ற முடிவுக்கு வந்தது.

ஆகவே, 'எனக்கு மோட்டார்ச் சைக்கிள் ஓடத் தெரியும்' என்பது அரைகுறை வாக்கியம். 'இந்த மோட்டார்ச் சைக்கிள் ஓடத் தெரியும்' என்பதே முழு வாக்கியம். எங்கள் ஊரிலே இளைஞர்கள் நண்பனின் வண்டியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றி வருவது சர்வசாதாரணம். திறப்பை வீசி எறிவதும் அதைத் தாவிப் பிடிப்பதும் நட்பின் அடையாளமாகிவிட்டன. ஒருவரும் ஒரு சொல் சொல்லிக் கொடுப்பதில்லை; கேட்பதுமில்லை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோமே என்ற வெட்கம். நாற்பதைக் கடந்த ஓர் ஆசிரியருக்கே அந்த வெட்கம் வந்ததெனில், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வராதா?

பௌதிகமும் இரக்கம் காட்டாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே வண்டி ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் செல்லும். 80-இலே 22 மீற்றர். வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். பிறேக் பிடித்த பின் நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்காகும். கரும்பலகையிலே ஆண்டுதோறும் எழுதி அழிக்கும் இந்தக் கணக்கை, மணலிலே படுத்தபடிதான் நாம் முதன்முதலாகப் படித்தோம்.

பழகிய வண்டியும் ஆளைக் கொல்லக் கூடியதே. அரேபியாவின் லோரன்ஸ் என்று புகழ் பெற்றவர், தமது கைபோலப் பழகிய பிறப் சுப்பீரியர் வண்டியிலே, 1935-ம் ஆண்டு வைகாசி மாதத்திலே சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்க ஒடித்து வீழ்ந்தார். ஆறாம் நாள் மாண்டார். தலையிலே கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அந்த மரணத்தை மறவாது ஆராய்ந்து, 1941-இல் தலைக்கவசத்தின் அவசியத்தை எழுதினார். பிரித்தானியப் படையிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோருக்கு அது கட்டாயமாயிற்று. 1973-இல் அந்நாட்டு மக்கள் யாவருக்கும் சட்டமாயிற்று. இன்று எங்கள் வீதிகளிலே பொலிசாருக்காக மட்டும் தலையில் வைத்து, வாரைப் பூட்டாமற் செல்லும் பிள்ளைகள் இந்த வரலாற்றை அறிதல் நலம்.

கண்ணாடியின் விடை

மிகுதி வழியை, முழங்காவிலும் வெள்ளாங்குளமும் இலுப்பைக்கடவையும் கடந்து, மெதுவாகவே சென்று முடித்தோம். திருக்கேதீச்சரத்திலே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அந்தத் தலத்திலே, பாலாவியில் நீராடிக் குடத்திலே நீர் மொண்டு மகாலிங்கத்துக்கு ஆட்டினோம். வேண்டிக்கொள்ள எண்ணிச் சென்றவை பல இருந்தன. சந்நிதியிலே நின்றபோது அந்த முதியவர் நலமாக வீடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தபோது மகன் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, விழுந்தனீங்களோ?" என்றான். கல் ஒன்று தெறித்தது என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லியிருந்தால் அவனும் நம்பியிருப்பான். மனைவி எம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததை நடந்தபடி சொன்னோம். ஒரு மணித்தியாலப் பாடத்தை இருபது நிமிடத்திலே முடித்ததையும், முள் எல்லை தாண்டியதையும் கூட விடவில்லை. மகன் சிரிக்கவில்லை. "காலுக்கு எப்படியப்பா விளங்கப்பண்ணுறது?" என்று மட்டும் கேட்டான். பல ஆண்டுகளிலே எம்மிடம் மாணவர் கேட்ட கேள்விகளுள் இதைப் போன்ற நல்ல கேள்வி அதிகமில்லை.

திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவி, தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து, உரியவர் வீட்டுக்குக் கொண்டு சென்றோம். கண்ணாடியைக் காட்டி, அதன் விலையை ஓர் உறையிலே வைத்து நீட்டினோம். அவர் உறையை வாங்கவில்லை. எம் முழங்கையையே பார்த்தார்.

"பிழை என்னிலைதான் சேர். நீங்கள் போதும் எண்டு சொன்னாலும் நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு, தாமும் அந்த வண்டியை வாங்கிய முதல் வாரத்திலே, அதே கால், அதே மிதியினால் வீழ்ந்ததைச் சொன்னார். ஒரு மணித்தியாலம் என்ற நிபந்தனை அங்கேதான் பிறந்தது. அதை முன்னரே சொல்லாதது ஏன் என்று கேட்டோம். "உங்களுக்கு முன்னாலை சொல்ல வெக்கமாயிருந்தது சேர்" என்றார். ஆக, இரண்டு வெட்கங்கள் சேர்ந்து ஒரு கண்ணாடியை உடைத்தன. வேறெதையும் உடைக்காதது எம் திறமையால் அன்று.

அன்று மாலையே அவருடன் அதே வளவுக்குச் சென்று, மிகுதி நாற்பது நிமிடத்தையும் நின்று கற்றோம். வேலிக்கு அப்பால் மாணவர்கள் அன்றும் நின்றார்கள். அவர்களை உள்ளே அழைத்து, வீழ்ந்த கதையைச் சொல்லிவிட்டே பாடத்தைத் தொடர்ந்தோம். ஐம்பது முறை தூக்கினோம். ஐம்பது முறை இறக்கினோம். மணலிலே பிறேக் பிடித்துப் பார்த்தோம். இனி அந்த வண்டியை மீண்டும் வாங்கும் எண்ணம் இல்லை. ஆனாலும், பாதியிலே விட்ட பாடத்தை முடிக்காதிருப்பது ஆசிரியருக்கு அழகல்ல.

வண்டி இரவல் கொடுப்போருக்கு ஒரு விண்ணப்பம்: திறப்போடு ஒரு மணித்தியாலத்தையும் கொடுங்கள், நீங்கள் வீழ்ந்திருந்தால் அந்தக் கதையையும் கொடுங்கள். வாங்குவோருக்கு: அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் சரிதானா என்று பாருங்கள், கியர் எப்பக்கம், பிறேக் எப்படி என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெறும் வளவிலே காலுக்கு விளங்கும் வரை பழகுங்கள், பின்னே எவரையும் ஏற்றாதீர்கள், இரவலை இன்னொருவருக்கு இரவல் கொடாதீர்கள்.

வரும் ஆண்டிலே மகனுக்குப் பதினெட்டு வயது நிறைகின்றது. எங்கள் பழைய நூறு சீசீ வண்டியிலே அவன் பழகப் போகின்றான். மூளைக்கு ஒரு நாளிலே விளங்கிவிடும் என்பதில் ஐயமில்லை. காலுக்கு விளங்கும் வரை திறப்பு எம்மிடமே இருக்கும்.